ஏலகிரி வளைவுகளுக்கும் லத்தேரி சாலைக்கும் ஒரே சஸ்பென்ஷன்

கார் வளைவில் நிலையாக நிற்க வேண்டுமென்றால் அதைத் தரையோடு தாழ்த்த வேண்டும், ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வேலூரில் நான் பேசிய கார் ஆர்வலர்களில் பெரும்பாலோர் இதைத்தான் சொன்னார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வழவழப்பான பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கு அது பொருந்தலாம். காட்பாடியிலிருந்து லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகக் குடியாத்தம் போகும் சாலையில் தினமும் ஓடுகிற காருக்கு அது பொருந்தாது. மேட்டில் மோதி மேலெழும்பிய சக்கரம், அது அந்தரத்தில் இருக்கும் அந்தக் கணத்தில், எதையும் திருப்பாது, எதையும் நிறுத்தாது.

நான் காட்பாடியில் வசிக்கிறேன். குடியாத்தத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். என் கார் 2010ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் பெட்ரோல். முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் சாக் அப்சார்பரும் ஒரே தண்டாகச் சேர்ந்த அமைப்பு), பின்னால் முறுக்கு அச்சு (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக் கொடுக்கும் குறுக்குச் சட்டம்). ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு அதன் நடத்தை மாறிவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முகப்பு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்பகுதி இரண்டு மூன்று முறை ஆடி அடங்கியது. பின் இருக்கையில் அமர்கிற அம்மாவுக்கு வாணியம்பாடி தாண்டுவதற்குள்ளேயே தலை சுற்ற ஆரம்பித்தது. மெதுவான, அடங்காத ஆட்டம்தான் வயிற்றைப் புரட்டும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்ற அளவில் வரும் அசைவுதான் மிக மோசமானது என்று கப்பல் பயணிகளுக்கு வரும் குமட்டலை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே நல்ல கையாளுதலும் அம்மாவின் சௌகரியமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நான் ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை.

முதலில் விசாரித்த ஒரு கடையில் 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங் போடலாம், பாதி எடை மாற்றம் குறைந்துவிடும் என்றார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடையைக் கண்டுபிடிப்பது பதினோராம் வகுப்புக் கணக்குதான். வண்டியின் எடையைப் பக்கவாட்டு முடுக்கத்தாலும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தால் வகுக்க வேண்டும். இரண்டு பேருடன் 1,100 கிலோ, ஈர்ப்பு மையம் சுமார் அரை மீட்டர் உயரம், அகலம் 1.47 மீட்டர், பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் பாதி என்று வைத்துக்கொண்டால் சுமார் 187 கிலோ இடம் மாறுகிறது. 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் அது 176 கிலோ ஆகிறது. குறைந்தது 11 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கின் இறுக்கம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி சாய்வது குறையுமே தவிர, மாறுகிற மொத்த எடை குறையாது. அந்த எடையில் எவ்வளவு முன் சக்கரங்கள் வழியாக, எவ்வளவு பின் சக்கரங்கள் வழியாக என்ற பங்கீட்டைத்தான் ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியும் தீர்மானிக்கின்றன.

அந்த 11 கிலோவுக்காக நாம் கொடுக்கும் விலை அதிகம். மெக்பர்சன் அமைப்பில், சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் சாதாரண உயரத்தில் சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழே சாய்ந்திருக்கும். வண்டியைத் தாழ்த்தினால் அந்தச் சாய்வு போய்விடும். இன்னும் தாழ்த்தினால் மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம், ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. தாழ்த்திய வண்டி அதே ஸ்பிரிங்கில் கூடுதலாகச் சாய முனைவது இதனால்தான். சக்கரம் மேலே போகும்போது உள்பக்கம் சாய வேண்டிய டயரும் நிமிர்ந்தே நிற்கத் தொடங்கும். போதாக்குறைக்கு, ஸ்ட்ரட் மடங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைந்துவிடுகிறது. வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும்; அந்தக் கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாதது மாதிரிதான்.

ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஆபத்து. ஐந்து சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் இறுக்கம் 25 சதவீதம் கூடும். சாக் அப்சார்பருக்கு அதைக் கட்டுப்படுத்தும் வலு இருக்காது. சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவவும் கூடும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. ஆகவே அசல் உயரம், அசல் ஸ்பிரிங் இறுக்கம், இதே மாடலின் உயர் ரகத்துக்கு நிறுவனமே கொடுத்த டயர் அளவு என்ற எல்லைக்குள் நின்றே எல்லாவற்றையும் செய்வது என்று முடிவெடுத்தேன்.

இந்த இடத்தில் மெக்கானிக் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்பாடியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், புதிதாக எதையும் வாங்காதீர்கள். முதலில் ரப்பரைப் பார்ப்போம்" என்றார். லோயர் ஆர்மின் பின் புஷ்ஷில், அதாவது ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் உறையில், இரும்புக் கம்பியை நுழைத்து நெம்பிக் காட்டினார். ரப்பர் பாதி கிழிந்து, ஆர்ம் விரலளவு முன்னும் பின்னும் போய் வந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரமே பின்னால் நகர்ந்து, டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறிக்கொண்டிருந்தது. முகப்பு யோசித்துவிட்டுத் திரும்பியதற்குக் காரணம் அதுதான். இந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த சாக்கை மாட்டினாலும் பயனில்லை. எங்கள் ஊர் மே மாத வெயிலில் நாள் முழுக்க நிற்கிற வண்டிகளில் ரப்பர் வயதாவது சீக்கிரம் நடக்கும். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டியிலும் புஷ்ஷைச் சோதிக்கத்தான் வேண்டும்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்டேன். பாய் வேண்டாம் என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன். அது இறுக்கமானது, ஸ்டீயரிங் கூர்மையாகும். ஆனால் சாலையின் ஒவ்வொரு சிறு அதிர்வும் உடற்கூட்டுக்குள் வரும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். புதிய அசல் ரப்பர் புஷ்ஷே போதும். அதை மாட்டிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலான இடங்களில் வண்டி லிஃப்டில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பர் பூட்டப்பட்டுவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும், கிழியும் வரை வேண்டாத ஸ்பிரிங்காகவும் வேலை செய்யும். பாய் போல்ட்டுகளை விரலால் மட்டும் மாட்டி, பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளை நான்கு சக்கரங்களுக்கும் அடியில் வைத்து வண்டியை இறக்கி, முகப்பை இரண்டு முறை அழுத்தி அமரவைத்து, பிறகு அடியில் படுத்துப் போல்ட்டுகளை இறுக்கினார். புஷ் மாற்றும் எவரும் தங்கள் மெக்கானிக்கிடம் இதை மட்டுமாவது கேட்டுச் செய்ய வையுங்கள். கூடவே பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் பேரிங் ஆகியவையும் மாற்றப்பட்டன.

ஸ்பிரிங்குக்கு வருவோம். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் டேப் வைத்து அளந்தோம். பெரும்பாலும் நான் தனியாகவே ஓட்டுவதால் வலது முன்பக்கம் தாழ்ந்திருந்தது. பழைய ஸ்பிரிங் இளகிவிட்டது என்று சொல்வார்கள். எஃகின் விறைப்புத் தன்மை அப்படிக் குறைவதில்லை, உயரம்தான் குறைகிறது. அதனால் இறுக்கமான ஸ்பிரிங் தேட வேண்டிய அவசியம் இல்லை, அதே அளவில் புதிய ஜோடி போதும். முன்பக்கம் இரண்டையும் மாற்றினோம்.

ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்பதை எண்ணாகப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. வண்டியின் எடை ஏறியதும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமர்கிறதோ அதுவே அதன் ஆட்ட வேகத்தைத் தீர்மானிக்கிறது. 25 சென்டிமீட்டர் அமர்ந்தால் விநாடிக்கு ஓர் ஆட்டம். 11 சென்டிமீட்டர் அமர்ந்தால் ஒன்றரை ஆட்டம். சாதாரணக் கார்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி கண்டறிந்த விஷயம் எனக்கு மிகவும் அழகானதாகத் தோன்றுகிறது: பின் சஸ்பென்ஷன் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆட வேண்டும். ஒரு மேட்டை முன் சக்கரம் தொட்ட பிறகுதான் பின் சக்கரம் தொடுகிறது. என் வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2,390 மில்லிமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் இது சுமார் ஏழில் ஒரு விநாடி தாமதம். பின்னால் கிளம்பிய ஆட்டம் வேகமாக ஓடி முன்பக்கத்தைப் பிடித்துவிட்டால் வண்டி தலையாட்டாமல் மட்டமாக எழுந்து இறங்கும். தொழிற்சாலை கொடுத்த இந்தப் பொருத்தத்தைக் கைக்கு வந்த ஸ்பிரிங்குகளைப் போட்டுக் கலைத்துவிடக் கூடாது.

பணத்தைப் பெரும்பாலும் சாக் அப்சார்பரில்தான் போட்டேன். ஸ்பிரிங் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது; சாக் அந்த ஆற்றலை எண்ணெயின் வழியாக வெப்பமாக மாற்றி முடித்துவைக்கிறது. அழுந்தும்போது ஓர் எதிர்ப்பு, மீளும்போது ஓர் எதிர்ப்பு என்று அதற்கு இரண்டு குணங்கள். சாதாரணமாக மீளும் எதிர்ப்புதான் அதிகமாக இருக்கும். எல்லா இறுக்கத்தையும் ஒரே சொல்லில் அடக்கி, இறுக்கமான சாக் நல்ல சாக் என்று வாங்கினால் லத்தேரி பக்கம் சாலையில் அடுத்தடுத்து வரும் வேகத்தடைப் பட்டைகள் உண்மையைச் சொல்லிவிடும். மீளும் எதிர்ப்பு மிகையாக இருந்தால் முதல் பட்டையில் அழுந்திய சக்கரம் முழுதாக இறங்குவதற்குள் இரண்டாவது பட்டை வந்துவிடும். மடக்கிய காலை நீட்டவிடாமல் அடுத்த படியில் இறங்கச் சொல்வது போன்றது அது. பட்டைக்குப் பட்டை வண்டி தாழ்ந்துகொண்டே போய், கடைசியில் ரப்பர் தடுப்பில் இடிக்கும். அடித்து எறிவது போன்ற அந்த உணர்வைப் பலர் ஸ்பிரிங்கின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அதனால் முன்னால் அசல் நீளமுள்ள, வாயு நிரப்பிய சாக். பின்னால் மீளும் எதிர்ப்பை மட்டும் திருகி மாற்றக்கூடிய சாக் என்று தேர்ந்தேன். பின் ஜோடி மட்டுமே நான்கு டயரின் விலைக்கு மேல் ஆனது. அந்தச் செலவை நான் மனமாரச் செய்தேன். உங்கள் பழைய சாக் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பானெட்டைக் கையால் அழுத்திப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். தண்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, டயரின் வட்டத்தில் ஆங்காங்கே குழி குழியாகத் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் ரகத்துக்கு வந்தது 165/80 ஆர் 14. உயர் ரகத்துக்கு நிறுவனம் கொடுத்தது 185/70 ஆர் 14. அதற்கு மாறினேன். மொத்த விட்டம் 5 மில்லிமீட்டர்தான் குறைகிறது. பக்கச் சுவர் குட்டையானதால் ஸ்டீயரிங் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. காற்றை அதிகாலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டுமே அளக்கிறேன். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி ஏறினால் டயர் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும். மதியம் நெடுஞ்சாலையில் ஓடி வந்து பெட்ரோல் பங்கில் காற்றை அளந்து குறைத்துவிட்டு, மறுநாள் காலை வண்டி மந்தமாகத் திரும்புகிறது என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை.

வீல் அலைன்மென்ட் தனிக் கதை. பலகையில் பச்சை விளக்கு எரிந்தால் முடிந்தது என்கிற இடங்கள் உண்டு. பச்சை என்பது நிறுவனம் அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைத்தான் காட்டும். இடது வலது இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்று காட்டாது. நான் முன்னும் பின்னும் அளவுத்தாளை அச்சிட்டு வாங்கிக்கொள்கிறேன். அளப்பதற்கு முன் ஓட்டுநர் இருக்கையில் ஆரணி அரிசி 25 கிலோ மூட்டைகள் இரண்டை வைக்கச் சொன்னேன். நான் உட்கார்ந்தால் வண்டி எப்படி அமருமோ அப்படி அமர்ந்த நிலையில் அல்லவா கோணம் சரியாக இருக்க வேண்டும்! அங்கிருந்த தம்பிக்கு முதலில் வியப்பு. மூட்டையை ஏற்றியதும் திரையில் கேம்பர் எண் (சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம்) மாறியதைப் பார்த்துவிட்டு அவரே அடுத்த வண்டிக்கும் செய்து பார்க்கப்போவதாகச் சொன்னார்.

இந்த வண்டியில் முன் கேம்பரை மாற்றத் தனி அமைப்பு இல்லை. ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாக மையம் விலகிய போல்ட் போட்டால் ஒரு டிகிரி அளவுக்கு இடம் கிடைக்கும். இரண்டு பக்கமும் எதிர்மறையாக, அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும்படி, முக்கால் டிகிரி வைத்தேன். டோ ஏறத்தாழ சுழியம், உள்நோக்கி ஒரு மில்லிமீட்டருக்குள். வெளிநோக்கி வைத்தால் திருப்பம் கூர்மையாகும் என்பது உண்மை. ஆனால் ஆம்பூரைக் கடக்கும்போது லாரிகளுக்கு நடுவில் நேர்கோட்டில் அலைபாயும் வண்டி எனக்கு வேண்டாம்.

சரிபார்க்கும் இடம் ஏலகிரி. பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். ஞாயிறு அதிகாலை, சுற்றுலா வண்டிகள் வருவதற்கு முன், அனுமதித்த வேகத்துக்குள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். எதைத் தொட்டேன், என்ன உணர்ந்தேன் என்று அங்கேயே குறிப்பேட்டில் எழுதிவிடுவேன். டயரின் தோளில், சாலையைத் தொடும் பகுதியிலிருந்து பக்கச் சுவர் வரை, சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் இருப்பவளுக்கு அதற்குப் பஞ்சமில்லை. மேலே போய் இறங்கிப் பார்த்தால் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்பதே டயர் எவ்வளவு மடிகிறது என்பதற்குச் சாட்சி. பக்கச் சுவர் வரை அழிந்தால் காற்று போதவில்லை. தோளை எட்டாமலே நின்றால் காற்று அதிகம். கதவோரத் தாளில் உள்ள அளவைவிட முன்பக்கம் இரண்டு பிஎஸ்ஐ கூட்டியபோது கோடு சரியாகத் தோளின் விளிம்பில் நின்றது.

பின் சாக்கின் திருகில்தான் சுவாரசியமான வேலை. மீளும் எதிர்ப்பை மிகக் குறைவாக வைத்தபோது, வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கையில் பின்பகுதி சட்டென்று எழுந்து, வண்டி நிலைகொள்ள நேரம் எடுத்தது. மிக அதிகமாக வைத்தபோது மலைப்பாதை அருமையாக இருந்தது. திரும்பும் வழியில் லத்தேரி பட்டைகளில் பின் சக்கரங்கள் துள்ளின. இரண்டுக்கும் இடையில் மலைக்கும் சாலைக்கும் பொதுவான ஓரிடம் கிடைத்தது, குறைந்த பக்கத்துக்கே சற்று அருகில். அந்த அமைப்பில் அம்மாவைப் பின் இருக்கையில் உட்காரவைத்து மேலே போனேன். பாதி வளைவுகளைத் தாண்டிய பிறகு, "இன்னும் மலை ஆரம்பிக்கவில்லையா?" என்று கேட்டார்கள். அளவுத்தாளில் இருக்கும் எந்த எண்ணைவிடவும் நான் மதிப்பது அந்தக் கேள்வியைத்தான்.

பின் அச்சுக்குக் கூடுதல் ஸ்டெபிலைசர் பார் போடலாமே என்று ஆலங்காயத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவர் ஜவ்வாது மலைப்பாதையில் காவலூர் வழியாக அடிக்கடி போகிறவர். முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில் பின்பக்கத்தின் சாய்வு எதிர்ப்பைக் கூட்டினால், எடை மாற்றத்தின் பெரும்பங்கு பின்னால் போகும். முன்னால் உள்பக்கச் சக்கரம் தரையை விடாமல் பிடிக்கும். ஏற்றமான கொண்டை ஊசியில் அது சுழன்று வீணாவது குறையும். இதெல்லாம் சரி. ஆனால் கம்பியின் இறுக்கம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 20 மில்லிமீட்டர் கம்பியை 22 ஆக்கினாலே 46 சதவீதம் அதிகம். சற்றே தடிமன் என்று நினைத்துப் போடுவது, ஐப்பசி மழையில் நனைந்த வளைவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கத்தை வெளியே இழுத்துவிடக்கூடும். அந்த நண்பரிடம் முதலில் லிங்க் ராடையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் கம்பியால் நெம்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அவர் வண்டியைக் காட்பாடிக்குக் கொண்டுவருகிறார். பாய் நேரம் ஒதுக்கியிருக்கிறார். அரிசி மூட்டைகள் என் வீட்டில் இருக்கின்றன.